ஏஐ சொன்ன சீலா வேறு, சந்தையில் வாங்கிய சீலா வேறு: அடுக்களைக் கேள்வி பதில்

‘சீலா மீன் குழம்புக்கு ஏஐ செயலியிடம் அளவு கேட்டேன். பாரகுடா என்று எடுத்துக்கொண்டு எதையோ சொல்கிறது. அது சொன்னபடி வைத்ததில் புளிப்பு கூடி, மீனும் சக்கையாகிவிட்டது. எப்படிக் கேட்பது?’
– வாசகி, தங்கச்சிமடம்

பெயரிலேயே சிக்கல் தொடங்குகிறது. நம் ராமநாதபுரம் கடற்கரையில் சீலா என்றால் வஞ்சிரம், அதாவது நெய்மீன். சென்னைப் பக்கம் சீலா என்றால் ஊளி. அதைத்தான் பாரகுடா என்கிறார்கள். இணையத்தில் இரண்டும் கலந்து கிடப்பதால், ஏஐ எதைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அதனால் பெயரோடு மீனின் உடல்வாகையும் சொல்லுங்கள். ‘கெட்டிச் சதை, நடுமுள் மட்டும், விரல் கனத் துண்டுகள், அரைக் கிலோ’ என்றால் அதற்குப் புரியும். காரல் மீன் என்றால், ‘உள்ளங்கை அளவு, மெல்லிய சதை, முள் அதிகம், முழுசாகப் போடுவேன்’ என்று சொல்லுங்கள். மீன் எத்தனை நிமிடம் கொதிக்கலாம் என்பது சதையைப் பொறுத்தது.

அடுத்தது புளி. ‘1 கப் புளிக்கரைசல்’ என்று வந்தால் ஏற்காதீர்கள். கரைசல் எவ்வளவு கெட்டி என்று அதில் இல்லை. ஏஐ சொல்லும் கப் பெரும்பாலும் 240 மில்லி, நம் ஆழாக்கோ ஏறத்தாழ 168 மில்லிதான். எல்லாவற்றையும் கிராமிலும் மில்லியிலும் கேளுங்கள். அரைக் கிலோ மீனுக்கு 25 முதல் 30 கிராம் புளி (சின்ன எலுமிச்சை அளவு), மொத்தத் தண்ணீர் 600 மில்லி, மல்லித்தூள் 20 கிராம், மிளகாய்த்தூள் 10 கிராம் என்பது நடுத்தரமான அளவு. மிளகாய் எண்ணிக்கையில் வந்தால் அதையும் கிராமுக்கு மாற்றச் சொல்லுங்கள். நம் முண்டு மிளகாயும் நீட்டு மிளகாயும் எடையிலும் காரத்திலும் ஒன்றல்ல.

மீன் சக்கையானதற்குக் காரணம் நேரம். ‘எல்லாம் சேர்த்து 20 நிமிடம் கொதிக்க விடவும்’ என்று அது எழுதும். அந்த நேரத்தை இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும். புளியும் மசாலாவும் எண்ணெய் பிரிய 10 முதல் 12 நிமிடம். மீன் போட்டபின் சீலாவுக்கு 6 முதல் 8 நிமிடம், காரலுக்கு 4 நிமிடமே போதும். மீன் போட்டபின் கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து லேசாகச் சுழற்றிவிடுங்கள். ஏஐ அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

‘மீன்பிடித் தடைக்காலத்தில் வாரச் சமையல் திட்டம் கேட்டால், திங்கள் இறால், புதன் கணவாய் என்று போடுகிறது. எங்கே போவது?’
– வாசகி, மண்டபம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது என்பதை நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும். இப்படி எழுதுங்கள்: ‘வீட்டில் 4 பேர். நாட்டுப்படகு மீன் காலையில் வந்தால்தான் உண்டு. வாரம் மூன்று நாள் மீன் குழம்பு. ஒவ்வொன்றுக்கும் மீன் கிடைக்காவிட்டால் அதே மசாலாவில் என்ன செய்யலாம் என்றும் சொல். மீன் பெயர் போடாதே. கெட்டிச் சதை, மெல்லிய சதை என்று மட்டும் போடு.’ மீன் வராத நாளில் முருங்கைக்காய், கத்தரிக்காயோடு கருவாடு போட்டு அதே குழம்பை வைத்துவிடலாம். அரைத்த மசாலா வீணாகாது.

கருவாட்டில் ஒரு எச்சரிக்கை. ஏஐ தரும் குறிப்பில் கருவாட்டுக்கு மேல் உப்பும் தனியாக இருக்கும். 4 பேருக்கு 100 கிராம் கருவாடு போதும். வெந்நீரில் 15 நிமிடம் ஊறவிட்டு இரண்டு முறை கழுவுங்கள். குழம்பு கொதித்தபின் ருசி பார்த்து உப்பு போடுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் இருந்தால் அதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

காய் வாங்கும் நாளையும் சொல்லுங்கள். கீரை முதல் இரண்டு நாளில் முடிய வேண்டும். பூசணி, சேப்பங்கிழங்கு வாரக் கடைசிக்குத் தாங்கும். சொல்லாவிட்டால் ஆறாம் நாளில் கீரைக்கூட்டு வந்து நிற்கும்.

‘1 கிலோ பிரியாணிக் குறிப்பை 10 கிலோவுக்கு மாற்றச் சொன்னேன். சோறு குழைந்துவிட்டது.’
– வாசகர், கீழக்கரை

எல்லாவற்றையும் பத்தால் பெருக்கியிருக்கும். அண்டாவில், கொள்ளும் அளவோடு ஒப்பிட்டால் வாய் சிறிது. தண்ணீர் அவ்வளவாக ஆவியாகாது. வீட்டுச் சட்டியில் ஒரு பங்கு சீரகச் சம்பாவுக்கு 1¾ பங்கு தண்ணீர் என்றால், அண்டாவில் 1½ பங்கில் நிறுத்துங்கள். கறி விட்ட சாறும் இந்தக் கணக்கில் சேரும். பட்டை, கிராம்பு, ஏலம் 6 அல்லது 7 மடங்கு போதும். எண்ணெய், நெய் 7 அல்லது 8 மடங்கு. உப்பை 9 மடங்கில் நிறுத்தி, கொதிக்கும் சாறைச் சுவைத்துக் கூட்டுங்கள். வெங்காயத்தை ஒரே தடவையில் கொட்டினால் தண்ணீர் விட்டு வெந்துபோகும், சிவக்காது. இரண்டு மூன்று தடவையாக வதக்குங்கள்.

‘படம் எடுத்து அனுப்பினால் எந்த மீன் என்று சொல்கிறதே, நம்பலாமா?’
– வாசகி, தேவிபட்டினம்

சாப்பிடலாமா என்று முடிவெடுக்க நம்பாதீர்கள். பேத்தை மீனின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. தோல் உரித்து வெட்டிய துண்டை எந்தப் படத்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தெரியாத மீன் என்றால், கூறு வைத்து விற்கும் அம்மாவிடமோ கரையில் வலை பிரிப்பவரிடமோ, முழு மீனாக இருக்கும்போதே காட்டிக் கேளுங்கள். சூரை, மத்தி போன்றவை வெயிலில் கிடந்தாலும் ஆபத்துதான். அதில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சமைத்தாலும் அழியாது; வாயில் வைத்ததும் மிளகு கடித்ததுபோலக் குத்தினால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.