வழக்கு இருந்தால்தான் ஜெயிக்க முடியுமா?

கேள்வி: என் நண்பர் எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினர். எம்.ஏ. படித்தவர், ஒரு வழக்கும் கிடையாது. சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்க ஆசை. ஆனால் குற்ற வழக்கு உள்ளவர்களுக்கே வெற்றி வாய்ப்பு மூன்று மடங்கு அதிகம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துத் தயங்குகிறார். அது உண்மையா? படிப்புக்கு மதிப்பே இல்லையா?

பதில்: கணக்கு உண்மைதான். 2024 மக்களவைத் தேர்தலில் வேட்பாளர்கள் கொடுத்த பிரமாணப் பத்திரங்களை ஏடிஆர் (ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம்) என்ற தன்னார்வ அமைப்பு அலசியது. வழக்கு இருப்பதாகச் சொன்னவர்களில் 15.3 சதவீதம் பேர் ஜெயித்தார்கள், இல்லாதவர்களில் 4.4 சதவீதம். ஆனால் வழக்கால்தான் ஜெயித்தார்கள் என்று இதை எடுத்துக்கொண்டால் தப்பு. போட்டியிட்ட 8,360 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் சுயேச்சைகள், அவர்களில் ஜெயித்தது 7 பேர். பெரும்பாலும் வழக்கில்லாத இந்தக் கூட்டம் மொத்தமும் சேர்ந்துதான் அந்த 4.4-ஐக் கீழே இழுக்கிறது. உங்கள் நண்பருக்கு எதிராக நிற்பது வழக்கு இல்லாதது அல்ல, கட்சிச் சின்னம் இல்லாததுதான்.

அதைவிடப் பெரிய இடைவெளி பணத்தில் இருக்கிறது. ஒரு கோடிக்கு மேல் சொத்து காட்டியவர்களில் 19.6 சதவீதம் பேர் வென்றார்கள், மற்றவர்களில் வெறும் 0.7. தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்குச் செலவு வரம்பு 40 லட்சம், ஆனால் கட்சி பொதுவாகச் செய்யும் பிரசாரச் செலவுக்கு வரம்பே கிடையாது, கட்சியின் பணம் அதிலேயே போய்விடுவதால் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறவரைத்தான் மாவட்டப் பொறுப்பாளர்கள் தேடுகிறார்கள், அந்தப் பணமும் ஊரில் ஒரு பிடியும் சேர்ந்திருப்பவரிடம் வழக்கும் இருந்துவிட்டால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சீட் கொடுக்கும்போதே பாதித் தேர்தல் முடிந்துவிடுகிறது, எனக்கு இதில் கோபமே வரும். வழக்குள்ளவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சி காரணம் வெளியிட வேண்டும், 'ஜெயிப்பார்' என்பது மட்டும் காரணமாகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் காரணத்தைப் படித்துவிட்டு, கட்சிக்காரர்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது நேராகக் கேளுங்கள்.

படிப்பு? 2024-இல் வென்ற 543 பேரில் 420 பேர் பட்டதாரிகள். ஆனால் வசதியும் படிப்பும் பெரும்பாலும் ஒரே வீட்டில் இருப்பதால் இதைத் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. சட்டமன்றத்துக்குக் கல்வித் தகுதி எதுவும் தேவையில்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராஜர் 1954 முதல் 1963 வரை முதல்வராக இருந்தார். எம்.ஏ. பட்டம் துண்டறிக்கையில் இருக்கட்டும், அதை நம்பி நிற்க வேண்டாம்.

என் யோசனை, முதலில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கட்டும். தமிழ்நாட்டில் அந்தத் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கிறது, செலவும் சிறிது, ஊர் அவரை ஏற்கெனவே அறியும். இல்லை, சட்டமன்றம்தான் என்றால் 10 முன்மொழிவாளர்கள் வேண்டும், பொதுத் தொகுதியில் பொதுப் பிரிவினருக்கு டெபாசிட் 10,000 ரூபாய், பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது போய்விடும்.

இன்னொன்று, 'வழக்கே இல்லை' என்பதை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் கேட்டு நடந்த மறியலில் எஃப்.ஐ.ஆர்-இல் பெயர் சேர்ந்திருப்பது பலருக்குத் தெரிவதில்லை. வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-இல் உண்மையை மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு, காலியாக விட்ட பத்திகளைக் கேட்டும் நிரப்பாவிட்டால் மனு தள்ளுபடியாகலாம். மனுத்தாக்கலுக்கு முன்பே தன் மேல் வழக்கு உண்டா என்ற விவரத்தைக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கேட்டு வாங்கிவிடட்டும்.