மின்விசிறி சுற்றுகிறது, திரை வரவில்லை: கோளாறு ரேமிலா, மதர்போர்டிலா?

சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: திரை கறுப்பு, மதர்போர்டில் ரேம் கோளாறைக் காட்டும் 'டிராம்' விளக்கு அணையவில்லை. முதலில் ரேமை (நினைவகப் பட்டையை) பாருங்கள். தோட்டப்புற ஈரக்காற்றில் அதன் தங்கநிறப் பற்களில் படலம் பிடிப்பது சகஜம்.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்துங்கள். ரேம்களைக் கழற்றி, பற்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். (அழிரப்பர் வேண்டாம், பூச்சு தேயும்.) ஒன்றை மட்டும், சிபியு பக்கமிருந்து இரண்டாவது ஸ்லாட்டில், 'டிக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள், நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் அதுதான் 'ஏ2' என்று குறித்த ஸ்லாட். ஒரு முனை மட்டும் இறங்கியிருந்தால் கண்ணுக்கு எளிதில் தெரியாது, கம்ப்யூட்டரும் எழும்பாது. பிறகு பிளக்கை மாட்டி இயக்கிப் பாருங்கள். டிடிஆர்5 வகை ரேம் என்றால் முதல்முறை சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம், அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

வரவில்லையென்றால், ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு ரேமையும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் பாருங்கள். ஒரு ரேம் மட்டும் எந்த ஸ்லாட்டிலும் வரவில்லையா, அந்த ரேம் போச்சு. எல்லா ரேமும் ஒரே ஸ்லாட்டில் முரண்டு பிடித்தால் ஸ்லாட், இல்லையேல் சிபியு சாக்கெட்டில் வளைந்த ஊசி. இரண்டுமில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கி, போர்டிலுள்ள நாணய வடிவ சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி பயாஸை (கம்ப்யூட்டரைத் துவக்கும் மென்பொருளை) ரீசெட் செய்யுங்கள்.