வீட்டுக்குள் கல் தரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஹாலில் வெள்ளை மார்பிள் பதித்து இரண்டு வாரம் ஆகிறது. சில கற்களில் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரிகிறது, துடைத்தால் போகவில்லை. ஆசிட் போட்டுக் கழுவினால் சரியாகிவிடும் என்று பதித்தவர் சொல்கிறார். கழுவலாமா?

பதில்: ஆசிட் பக்கமே போகாதீர்கள். மார்பிள், சுண்ணாம்புக்கல், டிராவர்டைன் எல்லாமே முக்கியமாகக் கால்சியம் கார்பனேட்தான். அமிலம் பட்டால் போவது கறை இல்லை, கல்லின் மேல்பரப்பு. பளபளப்பு போய் அந்த இடம் மங்கிவிடும், அப்புறம் மறுபடி பாலிஷ் போட்டால்தான் உண்டு. இதற்கு ஆசிட்கூட வேண்டாம், வினிகரோ எலுமிச்சைச் சாறோ சிந்தினாலே போதும்.

நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் மேலே ஒட்டிய அழுக்காக இருக்காது. வெள்ளை மார்பிளுக்குள் வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவும், அதனால் அடியில் இருப்பது மேலே தெரியும். ஈரமாக இருந்தால் ஈரம், சாம்பல் சிமென்ட்டாக இருந்தால் சிமென்ட். ஈரம் என்றால் வாரா வாரம் வெளுத்துக்கொண்டே வரும், காற்றோட்டம் கொடுத்துக் காத்திருங்கள், அது முழுக்கக் காயும்வரை சீலர் (கல்லுக்குள் கறை இறங்குவதைத் தாமதப்படுத்தும் பூச்சு) எதுவும் பூச வேண்டாம். திட்டுகள் மாறாமல் அதே இடத்தில் அதே வடிவத்தில் நின்றால், சாம்பல் கலவையை அங்கங்கே உருண்டையாக வைத்துக் கல்லை அழுத்தியிருக்கிறார்கள் என்றுதான் சந்தேகப்பட வேண்டும். அதை மேலிருந்து எந்த மருந்தாலும் எடுக்க முடியாது, அந்தக் கற்களைப் பெயர்த்து, வெள்ளை நிறப் பசையை முழுப் பரப்பிலும் தடவிப் பதிப்பதுதான் வழி. மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினால் கல்லுக்குள் இருக்கும் இரும்புச் சத்து ஈரத்தில் துருப்பிடிக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம், அங்கேயும் ஆசிட் நிலைமையை மோசமாக்கத்தான் செய்யும்.

கேள்வி: நான்கு மூலைக்கும் நடுவுக்கும் ஒவ்வொரு உருண்டை பசை வைத்தால் போதும், மட்டம் பிடிப்பதும் சுலபம் என்கிறார் எங்கள் மேஸ்திரி. சரியா?

பதில்: சரியில்லை. உருண்டைகளுக்கு நடுவே இருப்பது வெறும் காற்று. அந்த இடத்தில் ஒரு நாற்காலிக் கால் அழுத்தினாலோ கனமான பொருள் விழுந்தாலோ கல்லைத் தாங்க அடியில் ஒன்றும் இல்லை, இயற்கைக் கல்லில் ஏற்கெனவே நரம்புகள் ஓடுகின்றன, அந்த நரம்பு வழியாகவே விரிசல் விடும். தட்டிப் பார்த்தால் பொள்ளென்று சத்தமும் வரும். கல் தரைக்குக் குறைந்தது 95 சதவீதப் பரப்பில் பசை பிடித்திருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான அளவுகோல்.

மட்டம் பிடிக்க உருண்டை தேவைப்படுகிறது என்றால் தளம் சரியில்லை என்று அர்த்தம், அந்த வேலையைத் தளத்தில்தான் செய்ய வேண்டும். இரண்டு மீட்டர் நீளமுள்ள நேர்ப்பலகையைப் படுக்க வைத்துப் பாருங்கள், அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் முதலில் தளத்தைச் சமன் செய்யுங்கள். புதுக் காங்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் விட்டுவிடுங்கள். தூசியும் பழைய பெயின்ட்டும் இருக்கவே கூடாது.

அப்புறம் பல் வைத்த கரண்டியால் பசையை ஒரே திசையில் நேர்கோடாக இழுக்க வேண்டும். வட்டம் வட்டமாக இழுத்தால் காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கல்லின் முதுகிலும் மெல்லிசாக ஒரு பூச்சு, பிறகு கல்லை வைத்து அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே முன்னும் பின்னும் லேசாக அசைத்து அழுத்துங்கள். பதித்த உடனே ஒரு கல்லைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், முதுகு முழுக்கப் பசை ஒட்டியிருந்தால் வேலை ஒழுங்காக நடக்கிறது. வேலை நடுவிலும் இப்படி அவ்வப்போது ஒன்றைத் தூக்கிப் பாருங்கள், நல்ல மேஸ்திரி இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மரத்தளமாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 20 மில்லிமீட்டர் கல் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 54 கிலோ, பசையின் எடை தனி. கல் பதிக்கும் தளம் சாதாரண செராமிக் டைல்ஸுக்குத் தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும், அதை ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: பச்சை மார்பிள் பதித்தோம். மறுநாள் பார்த்தால் மூலைகள் மேலே எழும்பி நிற்கின்றன. கல் மட்டமான ரகமா?

பதில்: கல்லைக் குறை சொல்ல முடியாது, பசைதான் பொருத்தமில்லாதது. பச்சை மார்பிள் என்று விற்கப்படும் பல கற்கள் உண்மையில் செர்பென்டைன் வகை. அடியில் தண்ணீர் பட்டால் வளையும் குணம் அதற்கு உண்டு, தண்ணீர் கலந்த சிமென்ட் பசையில் வைத்தால் இப்படித்தான் ஆகும். எப்பாக்ஸி போலத் தண்ணீர் இல்லாத பசைதான் வேண்டும். முதுகில் வலையும் ரெசினும் ஒட்டி வரும் கற்களுக்கும் சாதாரண சிமென்ட் பசை சரியாகப் பிடிக்காமல் போகலாம், வாங்கும்போதே எந்தப் பசை என்று கேட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் உபரிக் கல் ஒன்றை ஈரத்துணி மேல் ஓர் இரவு வைத்து, காலையில் நேர்ப்பலகை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஒவ்வொரு பெட்டியிலும் கல் வேறு வேறு நிறமாக இருக்கிறது. திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: இயற்கைக் கல் அப்படித்தான் இருக்கும். மூன்று நான்கு பெட்டிகளை ஒரே நேரத்தில் திறந்து, கலந்து, பசையில்லாமல் தரையில் பரப்பிப் பாருங்கள். பிடிக்காததை வெட்டும் ஓரங்களுக்கு ஒதுக்கிவிடலாம். தடிமனும் மாறினால் எல்லாவற்றிலும் தடித்த கல்லை வைத்துத் தரையின் உயரத்தைத் தீர்மானியுங்கள்.

கேள்வி: சீலர் அடிப்பது கிரௌட் (கற்களுக்கு இடையிலுள்ள இணைப்பை நிரப்பும் கலவை) போடுவதற்கு முன்பா பின்பா?

பதில்: ஒரு சொட்டுத் தண்ணீரைக் கல் மேல் விடுங்கள். சில நிமிடத்தில் உறிஞ்சி நிறம் கறுத்தால், கல் நன்றாகக் காய்ந்தபின் முதல் பூச்சைக் கிரௌட்டுக்கு முன்பே அடியுங்கள், இல்லாவிட்டால் கிரௌட்டின் நிறமே கல்லுக்குள் இறங்கிவிடும். கிரௌட் காய்ந்தபின் இன்னொரு பூச்சு. ஆனால் சீலர் அமிலத்தைத் தடுக்காது, கறை இறங்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பாலிஷ் போட்ட மார்பிளில் மணல் கலந்த கிரௌட் தேய்த்தால் கீறல் விழும், இணைப்பு 3 மில்லிமீட்டருக்குக் குறைவு என்றால் மணல் இல்லாததையே வாங்குங்கள். சுவரோரம் கிரௌட் போட்டு இறுக்கிவிடாமல் 6 மில்லிமீட்டராவது இடைவெளி விடச் சொல்லுங்கள், ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும்.