ஒப்புக்குச் சப்பாணி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இடம் காலியாகி ஒன்றரை வருடம் ஆகிறது. எட்டாம் வகுப்பின் பி.டி. பீரியடை என் தலையில் கட்டிவிட்டார்கள். இதுவரை அந்த நேரத்திலும் கணக்குதான் நடத்தினேன், மறைக்கவில்லை. போன மாதம் ஒரு பயிற்சிக்குப் போனேன். 'படையெடுப்பு விளையாட்டுகள்' மூலம் மாணவர்களுக்கு உத்தியும் குழு மனப்பான்மையும் கற்பிக்கலாம் என்றார்கள். கால்பந்து, ஹாக்கி, கூடைப்பந்து, கபடி எல்லாம் அதில் அடக்கமாம். ஊருக்கு வந்ததும் 44 பிள்ளைகளையும் மைதானத்தில் இறக்கி ஒரு பந்தைக் கொடுத்தேன். பத்துப் பையன்கள் அதன் மேல் விழுந்து புரண்டார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பெண்பிள்ளைகள் வேப்பமரத்தடியை விட்டு நகரவே இல்லை.

இதெல்லாம் உண்மையிலேயே சொல்லிக்கொடுத்து வருவதா, பிறவியிலேயே வருவதா? உத்திக்குச் செஸ் போதாதா? கபடி சங்க காலத்திலேயே இருந்தது என்கிறார்களே, வகுப்பில் சொல்லலாமா? படிக்க நல்ல புத்தகம் ஒன்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ச.

*

அன்புள்ள டீச்சர்,

எங்கள் தெருக்கோடியில் வீடு கட்டாமல் கிடக்கும் ஒரு மனையில் சாயங்காலமானால் பையன்கள் பந்து உதைக்கிறார்கள். நடைப்பயிற்சிக்குப் போகும்போது பத்து நாளாக ஒருவனைக் கவனித்துவருகிறேன். ஏழெட்டு வயதிருக்கும். செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புகளுக்குக் காவல் இருக்கிறான். பந்து சாக்கடைப் பக்கம் போனால் ஓடிப்போய் எடுத்துத் தருகிறான். "நீ ஆடலையா?" என்று கேட்டேன். "ஆடிட்டுதான இருக்கேன்" என்றான். அந்தப் பதிலோடு வீட்டுக்கு வந்த அன்றுதான் உங்கள் கடிதத்தைப் பார்த்தேன்.

சில்லறைகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். சங்க காலத்தில் கபடி இருந்ததா என்பதால் உங்கள் 44 பேரில் ஒருவருக்கும் பந்து கிடைக்கப்போவதில்லை, விடுங்கள். செஸ் நல்ல ஆட்டம். ஆனால் அதில் குதிரை ராஜாவிடம் கோபித்துக்கொண்டு போகாது, 'எனக்கு ஏன் தரலை' என்று சிப்பாய் முகத்தைத் தூக்காது. உங்கள் சிக்கல் அந்த முகத்தைத் தூக்குகிறவர்களோடு. 'படையெடுப்பு விளையாட்டு' என்ற சொல்லைப் பிள்ளைகளிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். எதிராளி எல்லைக்குள் புகுந்து ஆகவேண்டியதை முடிப்பது, அவ்வளவுதான். கபடி ஆடிய ஊருக்கு இதை யாரும் பெயர் சூட்டி விளக்கவேண்டியதில்லை.

பி.டி. பீரியடில் கணக்கு நடத்தியதை ஒப்புக்கொண்டீர்கள். அதற்காகவே உங்கள் மேல் மதிப்பு கூடுகிறது. ஆனாலும் சொல்கிறேன், அது திருட்டு. ஒரு வாரம் முழுக்க அந்த 40 நிமிடத்துக்காகவே பள்ளிக்கு வருகிற பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. இனி செய்யாதீர்கள்.

போகட்டும். நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் ஒரு கணக்குப் போடுவோம். பீரியட் 40 நிமிடம், 2400 வினாடி. பிள்ளைகள் 44. பந்து ஒன்று. பந்து ஒரு நொடிகூடச் சும்மா உருளாமல் யாராவது ஒருவர் காலிலேயே இருந்தது, எல்லோருக்கும் சமமாகவே போனது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு பிள்ளைக்கு 55 வினாடி தேறாது. அந்தப் பத்துப் பையன்கள் விழுந்து புரண்டதைக் கழித்தால் மரத்தடிப் பெண்ணுக்கு என்ன மிஞ்சும்? பூஜ்யம். அவள் வெட்கத்தால் நிற்கிறாள் என்றா நினைத்தீர்கள்? வகுத்துப் பார்த்துவிட்டு நிற்கிறாள்.

எல்லோருக்கும் சரிசமமாகவே கிடைத்ததென்றாலும், மீதி 39 நிமிடம் ஒவ்வொரு பிள்ளையும் பந்தில்லாமல்தான் மைதானத்தில் இருக்கப்போகிறது. நாம் பயிற்சி என்று கொடுப்பதெல்லாம் அந்த 55 வினாடிக்கு. எப்படி உதைப்பது, எப்படி நிறுத்துவது, எப்படித் தலையால் முட்டுவது. 39 நிமிடத்துக்கு என்ன கொடுக்கிறோம்? "சும்மா நிக்காதடா, ஓடு!" என்று ஒரு சத்தம். எங்கே ஓட வேண்டும், எதற்கு ஓட வேண்டும், யாரை விட்டு விலக வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. உத்தி என்று நீங்கள் கேட்பது முழுக்க அந்த 39 நிமிடத்துக்குள்தான் இருக்கிறது. பந்து வைத்திருப்பவனுக்கு உத்தி குறைவு, அவனுக்குப் பதற்றம்தான் அதிகம். பந்தில்லாதவன்தான் யோசிக்க முடியும். அவனைத்தான் நாம் செருப்புக்குக் காவல் வைக்கிறோம்.

உத்தி என்றதும் நினைவு வருகிறது. நீங்கள் சின்ன வயதில் உத்தி பிரித்து ஆடியதில்லையா? எங்கள் ஊரில் ஆட்டத்துக்கு முன்னால் அதுதான். இரண்டு தலைவர்கள் தள்ளி நிற்பார்கள். மற்றவர்கள் இரண்டு இரண்டு பேராகத் தோளில் கைபோட்டு ஒதுங்கிப் போய், ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வருவோம். "மல்லிகை வேணுமா, முல்லை வேணுமா?" தலைவன் 'முல்லை' என்றால் முல்லைக்காரன் அந்தப் பக்கம், மல்லிகைக்காரன் இந்தப் பக்கம். ஜோடி சேரும்போது ஒரு கணக்கு உண்டு. உன்னளவு ஓடுகிறவனோடுதான் நீ சேர வேண்டும். நோஞ்சானும் நோஞ்சானும், சூரனும் சூரனும். அப்போதுதான் இரண்டு அணியும் சமமாக வரும். தன் பலம் எவ்வளவு என்று பத்து வயதில் நேர்மையாக எடைபோட்டு, அதற்கேற்ற ஆளைத் தேடிக்கொள்வது லேசான காரியமா? இப்போது பள்ளிகளில் இரண்டு கேப்டன்களை நிறுத்தி ஒவ்வொருவனாகப் பொறுக்கச் சொல்கிறார்கள். கடைசியில் மிஞ்சி நிற்கிறவனின் முகத்தை எந்த ஆசிரியராவது பார்த்திருக்கிறாரா? நீங்கள் அதைச் செய்தீர்கள் என்று தெரிந்தால் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிடுவேன்.

உத்தியிலும் ஒற்றைப்படையாக ஒருவன் மிஞ்சுவான். அவன்தான் ஒப்புக்குச் சப்பாணி. இரண்டு பக்கமும் ஆடலாம், அவன் அவுட்டானாலும் கணக்கில்லை. அந்தச் சொல்லில் இருக்கும் கொடுமை இப்போதுதான் உறைக்கிறது. நான்கு வருடம் நான் அந்தப் பதவியில் இருந்தேன். எனக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. கபடி என்றால் அதைக் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். கழற்றினால் பாடி வருகிறவன் ஒரு நிழல்.

ஒன்பதாவது படிக்கும்போது பி.டி. பயிற்சி ஆசிரியர் ஒருவர் மூன்று மாதத்துக்கு வந்தார். எங்கள் நிரந்தர பி.டி. வாத்தியார் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போகிறவர். புதியவர் விசில்கூட அதிகம் ஊதமாட்டார். வந்த இரண்டாம் நாள் எங்கள் கபடியில் ஒரே ஒரு சட்டம் சேர்த்தார். "இனிமே ஒத்தையாப் பிடிச்சாப் புள்ளி கிடையாது. ரெண்டு பேராத்தான் பிடிக்கணும்." அவ்வளவுதான். ஒற்றுமையே பலம், கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் கார்னர், அதாவது வரிசையின் ஓரத்தில் நின்று காலைப் பிடிக்கிறவன், ஒரு முரடன். கணுக்காலைப் பிடித்தால் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்வான், யார் தயவும் தேவைப்படாதவன். அன்றைக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டிய இடம் எனக்கு வாய்த்தது. கபடியில் பாடி வருகிற ரைடரைத் தொட்டும் பிடி நழுவினால் தொட்டவன் அவுட். அதனால் கார்னர் காலில் விழும் அதே நொடியில் பக்கத்து ஆள் இடுப்பில் பாய வேண்டும். முந்தினால் ரைடர் உஷாராகிவிடுவான், பிந்தினால் கார்னரின் உயிர் போச்சு. மூன்று தடவை நான் பிந்தினேன். மூன்று தடவையும் அவன் வெளியே போய் உட்கார்ந்து என் வம்சத்தையே திட்டினான். நாலாவது தடவை உள்ளே வந்ததும் காதருகே குனிந்து சொன்னான். "கண்ணு தெரியலைன்னா விடு. நான் பாயறதுக்கு முன்னாடி உன் கையை ஒரு அமுக்கு அமுக்குவேன். அமுக்கினதும் விழுந்துரு."

அடுத்த ரைடர் வந்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெள்ளை பனியன் அசைவதும், புழுதி வாசனையும், என் உள்ளங்கையில் அவனுடைய வியர்வையும்தான். ஒரு அமுக்கு. விழுந்தேன். என் கைக்குள் ஓர் இடுப்பு இருந்தது. மேலே நாலைந்து பேர் விழுந்தார்கள். மூச்சு முட்டியது. வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷமாக மூச்சு முட்டியதில்லை.

அந்த அமுக்கை அந்த வாத்தியார் சொல்லித்தரவில்லை. அப்படி ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியாது. அவர் செய்ததெல்லாம், ஒரு சூரனுக்கு ஒரு குருட்டுப் பையன் தேவைப்படும்படி ஒரு விதியைப் போட்டதுதான். மிச்சத்தை அந்தச் சூரனே கண்டுபிடித்தான்.

கூடைப்பந்து பிறந்த கதையும் இதேதான். 1891 டிசம்பர், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. வெளியே கடுங்குளிர், உள்ளே யாருக்கும் அடங்காத 18 மாணவர்கள். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பீச் பழக் கூடைகளை உயரத்தில் ஆணியடித்து, 9 பேருக்கு 9 பேர் என்று பந்தைக் கொடுத்தார். முதல் முயற்சி அடிதடியில் முடிந்து, ஒருவனுக்குத் தோள்பட்டையே இறங்கிப்போனதாக 1939இல் வானொலியில் அவரே சொல்லியிருக்கிறார். பிறகு யோசித்துச் சேர்த்த விதிகளில் முக்கியமானதாக அவர் சொன்னது ஒன்றுதான்: பந்தோடு ஓடக்கூடாது. ஓட முடியாவிட்டால் என்ன செய்வான்? கொடுத்துத்தான் ஆக வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்று தலையைத் தூக்கிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை. யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றைக்கும் இருக்கும் கல்லூரி அது. நம்மூர் பி.டி. வாத்தியார்களின் பரம்பரையில் ஒரு கிளை நெய்ஸ்மித்தின் பள்ளிவரை போகிறது. அப்புறம் எப்படி டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் புரியவில்லை.

1982இல் இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பங்கர், ராட் தோர்ப் என்ற இரண்டு ஆசிரியர்கள் இதையே முறையாக எழுதினார்கள். முதலில் உதைக்கப் பழக்கி, பிறகு ஆடவிடாதே. முதலில் சின்னதாக ஆடவிடு, ஏன் என்று கேள், தேவைப்படும்போது உதைக்கப் பழக்கு. உங்கள் பயிற்சியில் சொன்னதற்கு மூலம் அங்கேதான் இருக்கும். அவர்கள் 'கேள்' என்றது, உங்களிடம் வந்து சேர்ந்தபோது 'குழு மனப்பான்மை' என்ற சுவரொட்டியாகிவிட்டது.

திங்கட்கிழமை இப்படிச் செய்து பாருங்கள். காலால் வேண்டாம், கையால் எறியட்டும். உதைக்கத் தெரிந்த பத்துப் பேரின் ராஜ்ஜியம் அங்கேயே முடிந்துவிடும். 4 பேருக்கு 4 பேர், ஐந்து ஆட்டம், சுண்ணாம்புத் தூளில் ஐந்து கட்டம். மிஞ்சும் நாலு பேர் நடுவர்கள், சுற்றுக்குச் சுற்று மாறட்டும். பந்தோடு ஓடக்கூடாது. எதிர்க் கோட்டுக்கு அப்பால் நிற்கும் நம் ஆள் பந்தைப் பிடித்தால் ஒரு புள்ளி. முதல் ஐந்து நிமிடம் ஒரே மொய்ப்பாக இருக்கும், கத்தாதீர்கள். சட்டென்று "அப்படியே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, பந்தில்லாத ஒரு பிள்ளையிடம் மட்டும் கேளுங்கள்: "நீ ஏன் அங்க நிக்கிற?" தெரியலை டீச்சர் என்பாள். சரி என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். கணக்கு டீச்சர்களுக்கு அதுதான் கஷ்டம்.

பிறவியா, கற்பதா என்று கேட்டிருந்தீர்கள். நான் குருடன், அவன் முரடன். இதில் எது பிறவி, எது கற்றது என்று பிரித்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

புத்தகம் அப்புறம் பார்ப்போம். உங்கள் பள்ளியில் மொத்தம் எத்தனை பந்து இருக்கிறது, அதில் எத்தனையில் காற்று நிற்கிறது? அதை எழுதவே இல்லையே. பீரோவைத் திறந்து எண்ணிவிட்டு எழுதுங்கள். அஞ்சுக்குக் குறைந்தால் பழைய துணியைச் சுருட்டிப் பந்து கட்டுவது எப்படி என்று நான் சொல்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.