லேவுக்கு ஒரு மணி நேரம், எல்லைச் சாவடிக்கு 14 நாள்

வாசகர் கேள்வி-பதில்: ராணுவம்

படைத் தயார்நிலை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறுக்கு இந்த இதழில் பதில். காலாட்படைப் பயிற்சியிலும் ராணுவ மருத்துவத்திலும் பணியாற்றியவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: சண்டிகரில் சி-17 விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் லே. அப்படியிருக்க, லடாக்கில் ஆண்டு முழுக்க அத்தனை படையை ஏன் நிறுத்தி வைக்க வேண்டும்? தேவைப்படும்போது அனுப்பினால் போதாதா?
– எஸ்.கே., விருதுநகர்

பதில்: ஆள் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார். அவருடைய உடம்பு போய்ச் சேர இரண்டு வாரம் ஆகும். லே நகரம் 11,500 அடி உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 18,000 அடியில் சரிபாதி. சென்னையில் 5 கிலோமீட்டரைச் சிரித்துக்கொண்டே ஓடி முடிக்கிறவருக்கு லேயில் இரண்டு மாடிப் படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

அதனால் மூன்று கட்டமாக உடலைப் பழக்குகிறார்கள். 9,000 முதல் 12,000 அடி வரை 6 நாள். அதில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. 3, 4-ஆம் நாள் சமதளத்தில் ஒன்றரை முதல் 3 கிலோமீட்டர் வரை மெதுநடை. 5, 6-ஆம் நாள் 5 கிலோமீட்டர் வரை நடை, கூடவே 300 மீட்டர் வரை ஏற்றம். அடுத்து 12,000 முதல் 15,000 அடி வரை 4 நாள். அதற்கும் மேலே போகிறவர்களுக்கு இன்னொரு 4 நாள். மேல்கட்டங்களில் சுமையைத் தூக்கிக்கொண்டு ஏறுவது கடைசி நாளில்தான்.

இந்த 14 நாளைச் சுருக்கினால் என்ன ஆகும்? நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பெரும்பாலும் மேலே போன இரண்டாவது முதல் நான்காவது நாளுக்குள், ராத்திரியில் முற்றும். வறட்டு இருமலில் தொடங்கி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்து, கடைசியில் இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வரும். உடனே கீழே இறக்க வேண்டும், ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். பனிப்பொழிவில் ஹெலிகாப்டர் வராவிட்டால், காற்றடைத்து அழுத்தம் ஏற்றும் பைக்குள் நோயாளியைப் படுக்கவைத்து, வெளியிலிருந்து பம்பை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்தான் இதில் அதிகம் மாட்டுகிறார். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று முதல் நாளே தண்டால் எடுக்கப் போகிறவர் அவர்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஊருக்கு விடுப்பில் வந்து நான்கு வாரத்துக்கு மேல் தங்கியவர் திரும்பிப் போனால் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு காலாட்படைக் கம்பெனியின் பட்டியலில் 120 பேர் இருக்கலாம்; இன்று மேலே அனுப்பக் கூடியவர் எத்தனை பேர் என்பது வேறு எண். 2020 ஜூனில் கல்வானில் மோதல் நடந்த இடம் சுமார் 14,000 அடி. அங்கே பத்து நாளில் ஆள் தேவை என்றால், அந்த ஆள் இன்று லேயில் இருந்தாக வேண்டும்.

கேள்வி: டிரோன் வந்த பிறகு சாதாரண காலாட்படைச் சிப்பாயின் பயிற்சியில் என்ன மாறியிருக்கிறது? ஜாமர் வாங்கிக் கொடுத்தால் தீராதா?
– ஆர்.வி., ஓசூர்

பதில்: ரேடியோ தொடர்பை அடைக்கும் கருவியான ஜாமரிலிருந்தே தொடங்குவோம். உக்ரைன் போரில் பழக்கமான சிறு தாக்குதல் டிரோன்கள் பெரும்பாலும் 900 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் கட்டளை வாங்கி, 5.8 கிகாஹெர்ட்ஸில் படம் அனுப்பின. ஒரு அலைவரிசைப் பட்டையை அடைத்தால் எதிரி அடுத்த வாரமே வேறொன்றுக்கு மாறிவிடுவான். 2024 முதல் கண்ணாடி இழைக் கம்பியைப் பின்னால் அவிழ்த்துக்கொண்டே பறக்கும் டிரோன்கள் பெருகின. கட்டளை கம்பி வழியே போவதால் அவற்றிடம் ஜாமருக்கு வேலையே இல்லை. போதாததற்கு, முன்னறிவிப்பில்லாமல் ஜாமரைப் போட்டால் நம் டிரோனும் நம் வயர்லெஸ்ஸும் சேர்ந்து படுத்துவிடும். எத்தனை மணிக்கு, எந்தப் பட்டையில், எவ்வளவு நேரம் என்று பக்கத்துக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டுப் போடுவதே ஒரு பயிற்சி.

மற்றபடி மாறியிருப்பதெல்லாம் பழக்கவழக்கம்தான். மேலே பார்க்கத் தனியாக ஒரு காவலர் வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதற்கு மேல் கண் சோர்ந்துவிடும். ஒரு டிரோன் தெரிந்தால் எல்லோரும் அதையே அண்ணாந்து பார்ப்பது இயல்பு, அதுதான் தப்பு. ஒன்று வேவு பார்க்கும், அடிப்பது இன்னொன்று, அது வேறு திசையிலிருந்து வரும். நம்மை இன்னும் காணவில்லை என்றால் அசையாமல் இருக்க வேண்டும். கண்டுவிட்டது என்று தெரிந்தால் நேரே பதுங்குகுழிக்கு ஓடக் கூடாது. உள்ளே இருப்பவர்களின் இடத்தையும் காட்டிக் கொடுத்ததாகிவிடும்.

பதுங்குகுழியின் வாசலை நேராக வெட்டாமல் ‘ட’ வடிவில் மடக்கி வெட்ட வேண்டும். நேர்வாசல் என்றால் டிரோன் உள்ளேயே நுழையும். மேலே வலை, வலைக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி. வெப்பம் பார்க்கும் கேமராவுக்கு அடுப்பும் எஞ்சினும் ராத்திரியில் விளக்குப்போலத் தெரியும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, ஜீப்பின் சக்கரத் தடத்தை அழிக்காமல் விடுகிறார்கள். வானத்திலிருந்து பார்த்தால் அந்தத் தடம் நேராக முகாமுக்கு வழி சொல்லும். வயர்லெஸ் ஏரியலும் அப்படியே: கட்டளைக் கூடாரத்தின் உச்சியில் நட்டால் அலை வரும் திசையை வைத்துக் கூடாரத்தைக் கண்டுபிடிப்பார்கள். கேபிள் இழுத்துத் தள்ளி நட வேண்டும்.

கடைசித் தற்காப்பு ‘12 போர்’ (bore) என்ற குழல் அளவுள்ள ஷாட்கன், அதாவது சிதறு ரவைத் துப்பாக்கி. மணிக்கு 100 கிலோமீட்டரில் வருவது நொடிக்கு 28 மீட்டர். ஷாட்கன் எட்டுவது 50 மீட்டருக்குள். ஆக, சுடக் கிடைப்பது இரண்டு நொடிக்கும் குறைவு. இதை வகுப்பறையில் சொல்லிக் கொடுத்துப் பயனில்லை, பறக்கும் இலக்கில் சுட்டுத்தான் கை பழக வேண்டும்.

ஒவ்வொரு காலாட்படை பட்டாலியனிலும் (பல கம்பெனிகள் சேர்ந்த பிரிவு) ஒரு டிரோன் பிளட்டூன் (கம்பெனியைவிடச் சிறிய குழு) என்று 2025 ஜூலை 26-இல் திராஸில் தலைமைத் தளபதி உபேந்திர திவேதி அறிவித்தார். நல்ல முடிவு. ஆனால் வேலை டிரோன் வாங்குவதோடு முடியாது. 15,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 63 சதவீதம்தான். இறக்கை வேகமாகச் சுழல வேண்டும், பேட்டரி சீக்கிரம் தீரும். குளிர் அந்த பேட்டரியை மேலும் உறிஞ்சும். பறக்கவிடும்வரை பேட்டரியைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர் மேலே போய் முதல் வாரத்தில் இழக்கும் டிரோன்களில் எதிரி சுட்டதைவிடத் தானாக விழுந்ததே அதிகமாக இருக்கும்.

2025 மே 8 இரவு பாகிஸ்தான் 36 இடங்களில் 300 முதல் 400 டிரோன்களை ஏவியதாக அரசு தெரிவித்தது. அவற்றை எதிர்கொண்டதாகப் பேசப்பட்ட ஆயுதங்களில் 40 மில்லிமீட்டர் எல்-70 விமான எதிர்ப்புப் பீரங்கியும் ஒன்று. 1960-களில் படைக்கு வந்த வகை; ரேடாரும் மின்-ஒளி கருவிகளும் பின்னால் சேர்த்தவை. பழைய பீரங்கியும் பழகிய குழுவும் இன்னும் வேலைக்கு ஆகும்.

கேள்வி: போர்முனையில் காயம்பட்டால் ஒரு மணி நேரத்தில் மருத்துவமனை என்பார்களே, அது இன்னும் நடக்கிறதா?
– செவிலியர், நாகர்கோவில்

பதில்: டிரோன் நிறைந்த களத்தில் பெரும்பாலும் நடக்காது. ஆம்புலன்ஸையும் அடிக்கிறார்கள், இருட்டும்வரை காத்திருக்க வேண்டிவரும். அதனால் ரத்தப்போக்கை நிறுத்தக் கை காலை இறுக்கும் ரத்தக்கட்டுப் பட்டை (டூர்னிகே) போடுவதில் ஒவ்வொரு சிப்பாயும் தேற வேண்டும். காயத்துக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல், ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, போட்ட நேரத்தை எழுதிவிட வேண்டும். வழக்கமாக நடக்கும் பிழைகள் மூன்று: பாக்கெட்டில் சாவியோ தோட்டாவோ இருக்க அதன் மேலேயே கட்டுவது, வலிக்கிறது என்று கத்தியதும் முறுக்கைப் பாதியில் நிறுத்துவது, ‘நின்றுவிட்டதா’ என்று அவ்வப்போது தளர்த்திப் பார்ப்பது. உங்களுக்குத் தெரியும், கட்டு இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் கை காலுக்கே ஆபத்து கூடும். முன்பு அது மருத்துவரின் கவலை. இப்போது, ரத்த இழப்பால் வரும் அதிர்ச்சி நிலை இல்லை என்று பார்த்து, அந்த நேரத்துக்குள் அழுத்தக் கட்டுக்கு மாற்றுவதைப் பிளட்டூன் அளவிலேயே சிலருக்குக் கற்றுக் கொடுத்தாக வேண்டும்.

கேள்வி: நேரலைப் படம் கையில் இருக்கும்போது கர்னலே எல்லா முடிவையும் எடுக்கலாமே? ஹவில்தாருக்கு எதற்குத் தலைமைப் பயிற்சி?
– எம்.ஏ., காரைக்குடி

பதில்: இந்தக் காலத்துத் தலைமையின் பெரிய நோயே அதுதான். திரையில் தெரிவதால் தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து, ஹவில்தார் நடத்தும் பத்துப் பேர் கொண்ட செக்ஷனை ‘இடப்பக்கம் போ, வலப்பக்கம் போ’ என்று பின்னாலிருந்து நடத்துவது. திரையில் பள்ளத்தின் ஆழம் தெரியாது, சேறு தெரியாது. அதைவிட முக்கியம், தொடர்பு அறுந்த நொடியில் அந்த ஹவில்தார் அடுத்த உத்தரவுக்காக உட்கார்ந்துவிடுவார்.

மருந்து பழையதுதான். உத்தரவை நிலவரம், நோக்கம், செயல்முறை, நிர்வாகம், தொடர்பு என்ற ஐந்து தலைப்பில் சொல்லும்போது, நோக்கம் மட்டும் இரண்டு படி மேலிருப்பவருடையதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்டவர் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், தலையாட்டினால் போதாது. கிடைத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மேலதிகாரி திட்டத்துக்கு எடுக்கலாம், மீதி கீழே இருப்பவர்களுக்கு. பெரும்பாலான ஒத்திகைகள் கெடுவது இந்த இடத்தில்தான்: எட்டு மணி நேரத்தில் ஏழு மணி நேரம் மேலே கூட்டம் நடக்கும், ஹவில்தார் இருட்டியபிறகு நிலத்தைப் பார்க்காமலே கிளம்புவார்.

ஒத்திகையில் நடுவர் செய்ய வேண்டியது எளிது. தொடங்கி 20 நிமிடத்தில் பிளட்டூன் தலைவர் ‘இறந்துவிட்டார்’ என்று அறிவித்து, வயர்லெஸ்ஸையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்து யார், அவருக்கு நோக்கம் தெரியுமா என்பது பத்து நிமிடத்தில் வெளுத்துவிடும்.

1971 டிசம்பர் 4 இரவு ராஜஸ்தான் எல்லைச் சாவடியான லோங்கேவாலாவில் 23 பஞ்சாப் பட்டாலியனின் ஒரு கம்பெனியை நோக்கி பாகிஸ்தான் டாங்கிகள் வந்தன. ஜெய்சால்மரில் இருந்த ஹண்டர் விமானங்களால் இருட்டில் பறந்து தாக்க முடியாது. நிற்பதா, பின்வாங்குவதா என்ற முடிவு மேஜர் குல்தீப் சிங் சாந்த்பூரியிடம் விடப்பட்டது. நின்றார், விடிந்ததும் விமானங்கள் வந்தன. அந்த முடிவைத் தொலைவில் இருந்தவர் எடுத்திருக்க முடியாது.

கேள்வி: பீரங்கி இருக்கிறது, ஆள் இருக்கிறது. ‘தயார்நிலை குறைவு’ என்று அறிக்கைகள் எதை வைத்துச் சொல்கின்றன?
– டி.ஜே., தூத்துக்குடி

பதில்: பெரும்பாலும் குண்டை வைத்து. கடும்போர் 40 நாள் நடந்தால் தாங்கும் இருப்பு என்பது ராணுவத்தின் அளவுகோல். 2016 செப்டம்பர் நிலவரப்படி 152 வகை வெடிபொருள்களில் 61 வகை பத்து நாளுக்குக்கூடக் காணாது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2017 அறிக்கை சொன்னது. கிடங்கில் குண்டு அடுக்கியிருந்தாலும் சுட முடியாமல் போகலாம். 155 மில்லிமீட்டர் பீரங்கிக்குக் குண்டு, அதை வெடிக்கவைக்கும் ஃபியூஸ், உந்துமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர் நான்கும் சேர்ந்து வர வேண்டும். ஃபியூஸ் தட்டுப்பாட்டையும் அதே தணிக்கை சுட்டிக்காட்டியது. ஃபியூஸ் இல்லாத குண்டு 43 கிலோ இரும்புதான்.

கேள்வி: ஐயா, என் மகன் அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிறான். தினமும் தார்ச்சாலையில் 10 கிலோமீட்டர் ஓடுகிறான், கால் முன்னெலும்பு வலிக்கிறது என்கிறான். ஓடட்டுமா?
– ஒரு தாய், திருப்பத்தூர்

பதில்: அம்மா, முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். எலும்பின் மேல் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் சுரீர் என்று வலித்தால் அது நுண்விரிசலாக இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பக்கம் முழுக்கப் பரவலாக வலித்தால் ஒன்றிரண்டு வாரம் ஓட்டத்துக்கு ஓய்வு, அதுவரை நீச்சலோ சைக்கிளோ போதும். பிறகு மண் தரையில், வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாமல் தொடங்கட்டும்.

தேர்வில் ஓடப்போவது 1.6 கிலோமீட்டர், 10 இல்லை. 5 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். 400 மீட்டர் சுற்றாகப் பிரித்தால் சுற்றுக்கு 82 நொடி. வாரம் இரண்டு நாள் 80 முதல் 82 நொடியில் ஒரு சுற்று, 2 நிமிட ஓய்வு, இப்படி ஐந்து முறை ஓடட்டும். ஒரு நாள் நிதானமாக 5 கிலோமீட்டர். அங்கே பையன்கள் தோற்பது கூட்டத்தைப் பார்த்து முதல் சுற்றை 70 நொடியில் பறந்துவிட்டு மூன்றாம் சுற்றில் உட்கார்வதால்தான். புல்-அப் பத்து எடுத்தால் 40 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் கை முழுதாக நீண்டு, தாடை கம்பிக்கு மேலே வர வேண்டும், கால் உதறினால் கணக்கில் எடுக்க மாட்டார்கள். 9 அடிப் பள்ளம் தாண்டுவதும் வளைகட்டை மேல் நடப்பதும் தேர்ச்சிக்கு மட்டும், மதிப்பெண் கிடையாது.

தேர்வானால் வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் போன்ற இடங்களில் பயிற்சி 31 வாரம். விரிசலை மறைத்துக்கொண்டு உள்ளே போனால் பூட்ஸும் சுமையும் ஏறிய முதல் மாதத்திலேயே அது முழு முறிவாகி, பின்தங்கிய அணிக்குத் தள்ளப்படுவான். மருத்துவச் சோதனைக்கு முன் காதுக் குறும்பியை மருத்துவரிடம் எடுத்துவிடுங்கள், சொத்தைப் பல்லை அடையுங்கள். இந்த இரண்டுக்காகவே ‘தற்காலிகத் தகுதியின்மை’ வாங்கி அலைகிறவர்கள் நிறைய.