குறுக்கு மடிப்பு விழுந்த ககேஜிகுவைப் பலகையில் ஒட்டலாமா?

கேள்வி: கியோட்டோ தோஜி கோயிலில் 21ஆம் தேதி கூடும் சந்தையில் ஒரு ககேஜிகு (சுருட்டி வைக்கும் ஜப்பானியத் தொங்கு ஓவியம்) வாங்கினேன். நீண்ட தலையுள்ள முதியவரும் பக்கத்தில் மானும் இருக்கிறார்கள். குறுக்கே பல மடிப்புகள். சூடுகாட்டிப் பலகையில் ஒட்டிவிடலாம் என்கிறார் பிரேம் கடைக்காரர். செய்யலாமா?

பதில்: கூடாது. காரணத்துக்கு முன், படத்தில் இருப்பவர் யாரென்று சொல்கிறேன்: மான் ஜுரோஜின் என்ற ஜப்பானிய அதிர்ஷ்ட தெய்வத்துக்கு உரியது, நீண்ட தலை ஃபுகுரோகுஜு என்ற இன்னொரு தெய்வத்துக்கு. ஓவியர்கள் இருவரையும் கலந்தே வரைந்தார்கள். இருவருமே நாம் அகத்தியர் என்று சொல்லும் நட்சத்திரத்தின் உருவங்கள்தான்.

ஓவியத்தின் பின்னால் சில அடுக்கு வாஷி என்ற ஜப்பானியக் காகிதம், கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். சுருட்டினால் வளைய வேண்டும், தண்ணீர் பட்டால் பிரிய வேண்டும் என்பதற்காகவே அந்தப் பசை. ஒல்லியான உருளையில் இறுக்கிச் சுற்றி வைத்தால் அடுக்குகள் விறைத்து அங்கங்கே முறியும். சூடும் நீராவியும் பட்டால் வண்ணத்தைப் பிடித்திருக்கும் வஜ்ஜிரப் பசை இளகும். சிப்பித் தூளால் ஆன வெள்ளை வண்ணம் உதிரும். செயற்கைப் பசை ஏறிவிட்டால் பிறகு யாராலும் சேதமில்லாமல் பிரிக்க முடியாது.

ஹ்யோகுஷி எனப்படும் சுருள் கட்டும் கைவினைஞரிடம் கொடுங்கள். பழைய பின்தாளை நனைத்து உரித்து, மடிப்பு நெடுக சில மில்லிமீட்டர் அகல வாஷிக் கீற்று ஒட்டி, புதுத் தாள் கொடுத்து, தற்காலிகமாகப் பலகையில் இழுத்து வாரக்கணக்கில் காயவைப்பார். கூலி பலசமயம் வாங்கிய விலையை மிஞ்சும். அதுவரை, உருளைமேல் பொருத்தும் ஃபுதோமாகி என்ற பருமனான மர உறையை வாங்கிப் போட்டு, தளர்வாகச் சுற்றுங்கள்.

அச்சுப் பிரதியானால் மட்டும் பலகையில் ஒட்டலாம். ஆனால் கண்டுபிடிப்பதில் கவனம் வேண்டும். பத்து மடங்கு லென்ஸில் வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அச்சு. புள்ளி இல்லை என்பதால் கையால் வரைந்தது ஆகிவிடாது: கொலோடைப் என்ற பழைய புகைப்பட அச்சு முறையில் புள்ளியே வராது, நெளிநெளியான மணல் போன்ற அமைப்புத்தான் தெரியும். மேலே கொஞ்சம் கைவண்ணம் தீட்டியும் விற்கிறார்கள். ஆகவே முகம், மான், கையெழுத்து மூன்றையும் தனித்தனியே பாருங்கள். சந்தேகமிருந்தால் அசல் என்றே நடத்துங்கள்.

ககேஜிகு வைக்கும் பெட்டியைக் காட்டி விலை ஏற்றும் தரகரிடம் ஏமாறாதீர்கள். நல்ல எழுத்துள்ள பவுலோனியா மரப்பெட்டிக்குள் வேறு ஓவியத்தைப் போடுவது பழைய வேலை. சான்றிதழும் அப்படித்தான். பல ஓவியர்களுக்குச் சந்தை ஏற்கும் மதிப்பீட்டாளர் தனித்தனியே இருக்கிறார். மற்றவர் தாளுக்கு மதிப்பில்லை. காசு கட்டும்முன் இதை வாங்குபவரிடம் யாரும் சொல்வதில்லை, அதுதான் ஆத்திரம்.

பெட்டிக்குள் கற்பூரத்தையும் நாப்தலின் உருண்டையையும் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் உருகித் திரவமாகி ஓவியத்தில் கறை பிடிக்கும்.