இருமலை மறைக்க வைக்காதீர்கள்: காசநோய் கேள்வி பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில்) இருவருக்குக் காசநோய் என்று தெரிந்ததும் பலர் கேட்டவை இவை.

கேள்வி: ஐயா, யாருக்கு என்று பெயர் சொன்னால்தானே நாங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியும்?

பதில்: சொல்ல மாட்டேன், தம்பி. 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி டாக்டர் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிப்பார். கூடவே இருப்பவர்களை அவர்களே அழைத்துச் சோதிப்பார்கள். ஊருக்குப் பெயர் தெரிய வேண்டியதில்லை. முன்பு ரப்பர் மரத்தில் பால்வெட்டும் ஒரு அம்மாவின் பெயர் வெளியே வந்துவிட்டது. அவர் கொடுத்த பலகாரத்தைக்கூட யாரும் தொடவில்லை. அதைப் பார்த்த அடுத்த வீட்டுக்காரர் தன் இருமலை மூன்று மாதம் மறைத்தார். கடைசியில் அவர் பிள்ளைகள் இருவருக்கும் தொற்றிவிட்டது. இன்றும் எனக்கு மனசு கேட்கவில்லை.

கேள்வி: அக்காவுக்குத் தட்டு, குவளை எல்லாம் தனியாக வைத்துவிட்டோம். சரிதானே?

பதில்: வேண்டாம்மா. இது தட்டில் ஒட்டாது, காற்றில் பரவுவது. மருந்து தொடங்காதவர் இருமும்போதுதான் ஆபத்து அதிகம். ஜன்னலை மறைத்து நிற்கும் அலமாரியை நகர்த்துங்கள், காற்று வரட்டும். இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்திலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். வேலைக்கு எப்போது போகலாம் என்பதை டாக்டர் சொல்வார்.

கேள்வி: வெளிநாட்டுக்காரர்கள் கொண்டுவந்ததுதானே இது?

பதில்: நம்மவர்களுக்கும் வருகிறது. சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் இருந்தால் இன்னும் எளிதில் வரும். வேலை பெர்மிட் போய்விடும் என்று பயந்து ஒரு வங்காளதேசத் தம்பி இருமலை மறைத்தால், அவரோடு ஒரே அறையில் படுப்பவர்களுக்கும் அது ஆபத்து.

கேள்வி: மாமாவுக்கு இருமல் நின்றுவிட்டது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது. அந்த நிறம் ரிஃபாம்பிசின் மாத்திரையால் வருவது, பயப்பட வேண்டாம். கண் மஞ்சளித்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே கிளினிக் போங்கள். வழக்கமாக முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் இரண்டு. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். தினமும் கிளினிக்கில் போய் நின்று மாத்திரை விழுங்க மாமா கூச்சப்பட்டால், வீட்டிலேயே ஒருவர் பார்த்துக் கொடுக்கலாமா என்று மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) கேளுங்கள். சரி என்றால் அது நீங்களாகவே இருங்கள். காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) கிளம்புமுன் ஒரு குவளைத் தண்ணீரோடு பக்கத்தில் உட்காருங்கள். அவர் விழுங்கிய பிறகு எழுந்தால் போதும்.